பாம்புக் காது என்று சொன்னேன்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. தங்கை போன பிறகு அவளுடைய இரண்டையும் என் மூன்றோடு சேர்த்துக்கொண்டேன். ஐந்தும் குறையில்லாமல் இருக்கின்றன. நான் பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரைதான். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து, இது இன்னும் எத்தனை நேரத்தில் அழும் என்று சொல்லச் சொன்னால் படித்தவர்கள் எல்லோரும் என் பின்னால்தான் நிற்க வேண்டும். பெருமைக்குத்தான் சொல்கிறேன். உழைத்துச் சேர்த்த பெருமை, சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

பெங்களூர் அல்சூரில் ஏரிக்குப் போகும் வழியில் இருந்த ஸ்டுடியோவில் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒரு நாள் உள்ளே ஒரு குழந்தை கேமராவைப் பார்க்கவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. துடைப்பத்தோடு உள்ளே போன என்னைப் பார்த்ததும் என்ன தோன்றியதோ, வாய் நிறையச் சிரித்தது. முதலாளி சட்டென்று படத்தை எடுத்துவிட்டு, "ஏம்மா, தொடப்பத்த வெச்சுட்டு இங்கயே நில்லு" என்றார். அன்றைக்கு நின்றவள், முழங்கால் வலி வந்து உட்காரும்வரை நின்றேன். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று குழந்தையைத் திரும்பிப் பார்க்க வைப்பது என் வேலை. நம்மவர்கள் பொம்மைக்காரம்மா என்று கூப்பிடுவார்கள். கன்னடக்காரர்கள் கொம்பே அம்மா என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

அதே ஸ்டுடியோவில் இப்போது நீங்கள் சேர்ந்திருக்கிறீர்கள். உள்ளே எடுப்பது குறைந்துபோய், பார்க், தோட்டம் என்று வெளியில்தான் குடும்பப் படம் எடுக்கிறீர்களாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொன்னீர்கள். கேமராவைப் பற்றி என்னிடம் ஒன்றும் இல்லை, அதை வேறு யாரிடமாவது கேளுங்கள். குழந்தை திரும்பாதபோது என்ன செய்வது என்பதை என்னிடம் கேளுங்கள்.

முதலில் காலம். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து கார்த்திகை வரைக்கும் நம் ஊரில் வெளியே எடுக்க அதைவிட நல்ல நாட்கள் கிடையாது. வெளிநாட்டுக் காலண்டரில் அந்த மாதத்துக்கு மரமெல்லாம் சிவந்து இலை கொட்டுகிற மாதிரி படம் போட்டிருப்பார்கள். பெங்களூரில் இலை கொட்டுவது தை, மாசியில். ஐப்பசியில் இங்கே மழை கழுவிவிட்ட பச்சைதான். புல் முட்டி வரை வளர்ந்திருக்கும். தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். வெயில் சுடாது, குழந்தை கண்ணைச் சுருக்காது. ஒரே ஒரு தொல்லை, சாயங்காலத்தில் எப்போது வேண்டுமானாலும் மழை பிடித்துக்கொள்ளும். அதனால் அந்த மாதத்தில் குழந்தையை ஒரு கண்ணாலும் மேகத்தை ஒரு கண்ணாலும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, குழந்தை திரும்பவில்லை என்றால் கோபப்படாதீர்கள். சத்தத்தைக் கூட்டாதீர்கள். ஏன் திரும்பவில்லை என்று யோசியுங்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த 'ஏன்' ஒரு வியாதி. ஒரு தடவை கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற புருஷனும் பெண்டாட்டியும் கப்பன் பார்க்குக்கு ஒன்றரை வயதுப் பெண் குழந்தையோடு வந்தார்கள். இரண்டு பேரும் இங்கிலீஷில் கொஞ்சுகிறார்கள், தமிழில் கெஞ்சுகிறார்கள், அது புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறது. நான் அந்த அம்மாவிடம், "பகல்ல கொழந்தைய யாரு வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன். ஆயா ஒருத்தி, மண்டியாப் பக்கத்துக் கன்னடக்காரி என்றாள். நான் குனிந்து, "ஏ புட்டி, இல்லி நோடு, இல்லி நோடு" என்றேன். இந்தா என்று முகத்தைத் தூக்கிச் சிரித்தது பாருங்கள்! பெற்றவள் முகம்தான் வாடிவிட்டது. புருஷன்காரன் சும்மா இருக்காமல், "பாத்தியா, நம்ம பொண்ணு கன்னடப் பொண்ணு, நாமதான் இங்க வாடகைக்கு இருக்கோம்" என்று சொல்லிக் கிள்ளு வாங்கினான்.

அதிலிருந்து எந்தக் குழந்தை வந்தாலும், பகலில் யார் இடுப்பில் இருக்கிறது என்று முதலில் கேட்பேன். தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, தெலுங்கில், உருதுவில் ஒரு தடவை. நாலில் ஒன்றுக்குக் கட்டாயம் திரும்பும். திரும்பாத குழந்தையே கிடையாது என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எனக்குத் தலைக்கேறியிருந்த காலத்தில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அல்சூரிலேயே குடியிருந்த ஒரு குடும்பம். பையன் பெயர் சந்துரு. முதல் பிறந்த நாள் படத்துக்காக ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அம்மா செல்வி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. அப்பா ஹெப்பகோடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். அன்றைக்கு ஷிப்ட் என்று வரவில்லை. கூட வந்தவர் அப்பாவைப் பெற்றவர், பையனுடைய தாத்தா. நல்ல உயரம், வெள்ளை மீசை, கையில் கைத்தடி மாதிரி ஒரு குடை. பேசினால் தெருக்கோடி வரை கேட்கும். அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல் என்று அவர் செருப்பைக் கழற்றிவிட்ட விதத்திலேயே தெரிந்தது.

அந்தக் காலத்து ஸ்டுடியோவில் குழந்தைகளை உட்கார வைக்க ஒரு மரமேடை உண்டு. முழங்கால் உயரம், மேலே கம்பளம், உள்ளே வெற்றிடம். நான் ஒரு காலை அந்த மேடை விளிம்பில் வைத்துக்கொண்டு, குதிகாலால் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டி, அப்புறம் பெயரைக் கூப்பிடுவேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தானாக வந்த பழக்கம். மூச்சு விடுகிற மாதிரி, செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

படம் எடுத்து முடிந்தது. பெரியவர் முதலாளியோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தார். செல்வி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அக்கா, ஒன்னு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு தாயி."

"இவன் கூப்புட்டா திரும்புறான். ஆனா எல்லா நேரமும் திரும்பல. எனக்கு என்னமோ மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. டாக்டர்கிட்ட காட்டலாம்னா மாமா வேணாங்கறாரு. நீங்க எத்தனையோ கொழந்தைங்களப் பாத்தவங்க. ஒருதரம் பின்னாடி இருந்து கூப்புட்டுப் பாக்கறீங்களா?"

இவ்வளவுதானே என்று பையனுக்குப் பின்னால் போனேன். காலை மேடை விளிம்பில் வைத்தேன். "சந்துரூ!" என்றேன். முழு உடம்போடு திரும்பி என்னைப் பார்த்து, இரண்டு பல் தெரியச் சிரித்தான்.

"அடிப் பொண்ணே, உம்புள்ளைக்குப் பாம்புக் காதுடி! பக்கத்து வூட்டுல பூன நடந்தாகூட இவனுக்குத் தெரியும். இதுக்குப் போயி டாக்டரா?" என்றேன்.

பெரியவருக்குக் கேட்டுவிட்டது. "கேட்டியா செல்வி? நான் சொன்னா நம்ப மாட்ட. ஊர்ப்பட்ட புள்ளைங்களப் பாத்தவங்க சொல்றாங்க, கேட்டுக்க. எங்க வம்சத்துல பேச்சு லேட்டாதான் வரும். நானே மூணு வயசுலதான் வாயத் தொறந்தேன்."

"அதுக்கப்புறம் மூடவே இல்ல போலிருக்கு" என்றார் முதலாளி.

எல்லோரும் சிரித்தோம். செல்வியும் சிரித்தாள். பாரம் இறங்கினவள் மாதிரி பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். எனக்கும் நல்லதைச் சொன்ன சந்தோஷம்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அடுத்த வருடத்து ஐப்பசியில் அவர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை கப்பன் பார்க்கில் குடும்பப் படம். பையனின் அப்பா ரமேஷுக்கு துபாயில் வேலை கிடைத்திருந்தது. இன்னும் பத்து நாளில் கிளம்புகிறான், திரும்பி வர இரண்டு வருடம் ஆகும். கையோடு ஒரு படம் கொண்டுபோக வேண்டும், நாலு பேரும் இருக்க வேண்டும், பையன் நேராக முகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். அந்த ஒன்றைத்தான் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். "எனக்கு அவன் என்னையே பாக்கற மாதிரி இருக்கணும்மா. அவ்வளவுதான்."

மூங்கில் புதருக்கு இந்தப் பக்கம் புல்லில் ஜமுக்காளம் விரித்து நால்வரையும் உட்கார வைத்தோம். பெரியவர் நடுவில், குடையை ஊன்றியபடி. ரமேஷ் ஒரு பக்கம், செல்வி ஒரு பக்கம், அவள் மடியில் சந்துரு. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலாளி அண்ணாந்து பார்த்துவிட்டு, "அரை மணி நேரம் இருக்கு. ரோல்ல ஒம்பது படம்தான் பாக்கி. சீக்கிரம் கூப்புடு" என்றார்.

கூப்பிட்டேன். "சந்துரு கண்ணா! இங்க பாரு!" திரும்பவில்லை. தட்டான் ஒன்று அவன் முழங்கால் பக்கத்தில் பறந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "நோடு புட்டா!" இல்லை. "இக்கட சூடு நானா!" இல்லை. "இதர் தேக்கோ பேட்டா!" இல்லை. கிலுகிலுப்பை ஆட்டினேன். காக்கா மாதிரி கத்தினேன், நிஜக் காக்கா இரண்டு வந்து உட்கார்ந்தன. பையன் வரவில்லை. அவன் தட்டானைப் பார்க்கிற மாதிரியே முதலாளி ஒரு படம் எடுத்ததுதான் மிச்சம்.

"ஏம்மா, இன்னிக்குத் தொண்ட அடைச்சுக்கிச்சா?" என்றார் முதலாளி.

"எல்லாம் சேட்டை. வேணும்னே பண்றான். வூட்டுல படியில கால் வெச்சா திரும்பிப் பாக்கறவன், இங்க வந்து நடிக்கிறான் பாரு" என்றார் பெரியவர்.

 ரமேஷ் பையனின் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினான். விட்டதும் முகம் தட்டானிடம் போய்விட்டது. செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த நேரத்தில் பூங்காக் காவல்காரர், யாரோ ஒருவன் சைக்கிளைப் புல்லில் ஏற்றினான் என்று எங்களுக்குப் பின்னாலேயே நின்று விசில் ஊதினார். அப்படி ஒரு விசில்! பெரியவர் தூக்கிவாரிப்போட்டு, "யார்ரா அவன்!" என்றார். எனக்குக் கையிலிருந்த கிலுகிலுப்பை விழுந்தது. தூரத்தில் தள்ளுவண்டியில் தூங்கிய வேறொரு குழந்தை வீரிட்டு அழுதது. சந்துரு மட்டும் தட்டானைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமைகூட அசையவில்லை.

சேட்டைக்காரப் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே திரும்பாத குழந்தையின் கழுத்தில் ஒரு விறைப்பு இருக்கும். திரும்பக் கூடாது என்று பிடித்துக்கொண்டிருக்கும். இவன் கழுத்தில் அது இல்லை. ஏன் இல்லை? அதை யோசித்துக்கொண்டே நின்றேன்.

"மேகத்தப் பாரு. அந்த பெஞ்சுல உக்கார வெச்சு முடிச்சுருவோம்" என்றார் முதலாளி. பக்கத்தில் இரும்புக் கால், மரப்பலகை போட்ட பழைய பெஞ்சு ஒன்று இருந்தது. நால்வரும் அதில் உட்கார்ந்தார்கள். சந்துருவை அப்பா மடிக்குப் பக்கத்தில் பலகையிலேயே உட்கார வைத்தோம். நான் கேமராவுக்குப் பக்கவாட்டில், பெஞ்சின் ஓரத்தில் நின்றேன். கால் தானாகப் பலகையின் நுனியில் ஏறியது. டக் டக். "சந்துரூ!"

திரும்பினான். சிரித்தான். முதலாளி எடுத்துவிட்டார். "அப்படிப் போடு!" என்றார்.

"பாத்தீங்களா? நான் சொல்லல?" என்றார் பெரியவர்.

எனக்கு மட்டும் என் கால்மேல் சந்தேகம் வந்தது. காலைக் கீழே இறக்கினேன். பையன் மறுபடி தட்டானைத் தேடத் தொடங்கியதும், காலை வைக்காமல் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய், அவன் காதுக்குப் பின்னால் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அப்புறம் வாயை மூடிக்கொண்டு, குதிகாலால் பலகையை மட்டும் தட்டினேன். உடனே திரும்பினான். மூன்று தடவை இதே மாதிரி செய்தேன். மூன்று தடவையும் அதேதான்.

செல்வியிடம் கேட்டேன். "வூட்டுல கீழ்த்தளமா, மாடியா?"

"மாடிக்கா. பழைய வூடு, கீழ மரப்பலகதான். யாரு நடந்தாலும் அதிரும்" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவள் முகம் மாறிவிட்டது. நான் கேட்டது ஏன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இதுவரை நடந்தது என் ஆர்வத்தால் நடந்தது. இதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது. முதலாளி என்னைத் தனியாக மூங்கில் பக்கம் கூப்பிட்டார். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேமராவின் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கு எதுவும் தப்பாது.

"ஏம்மா, நாம டாக்டரா?" என்றார்.

"இல்ல சார்."

"படம் கெடச்சாச்சு. அந்தாளு இன்னும் பத்து நாள்ல கெளம்புறான். சந்தோஷமா போகட்டும். ஒரு தடவ ஒரு கொழந்தைக்கு மாறுகண் இருக்குன்னு நான் சொல்லப்போயி, கண்ணு வெச்சுட்டேன்னு தெருவே என்னப் பேசுச்சு. மறந்துட்டியா? தனியா அந்தப் பொண்ணு காதுல மெதுவா சொல்லிட்டு வந்துரு. போதும்."

அவர் சொன்னது கெட்ட யோசனை இல்லை. அவரிடம்தான் நான் தொழில் கற்றேன். படம் எடுக்க வந்தவர்கள் வீட்டுக்குள் நாம் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அது சரியான சட்டம். எனக்கும் அதுதான் வசதி. செல்வியின் காதில் சொன்னால், நான் போன வருடம் சொன்னது தப்பு என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. பொம்மைக்காரம்மா பேர் அப்படியே இருக்கும்.

ஆனால் செல்விக்கு இது முதலிலேயே தெரியும். தெரிந்துதான் என்னிடம் கேட்டாள். அவள் சொல் அந்த வீட்டில் நிற்கவில்லை, என் சொல் நின்றது. ரமேஷ் விமானம் ஏறிவிட்டால் அந்த வீட்டில் பெரியவர் சொல்வதுதான். இரண்டு வருடம். ரமேஷ் திரும்பி வரும்போது பையனுக்கு நாலேகால் வயது. காதில் சொல்வதால் என்ன ஆகப்போகிறது?

"சார், நான் நாலு பேருக்கு முன்னாடி சொன்ன வார்த்தைய, காதுல போயி எப்படி சார் திருப்பி எடுக்கறது?" என்றேன்.

 அவர் கேமராவுக்குத் துணியைச் சுற்றப் போய்விட்டார்.

நான் நேராகப் பெரியவர் முன்னால் போய் நின்றேன். அவரிடம் இது காது கேட்காத பிள்ளை என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

"ஐயா, ஒரு உபகாரம். நீங்க பெஞ்சுக்குப் பின்னாடி நின்னு உங்க பேரனக் கூப்புடுங்க. உங்க கொரலுக்குத் திரும்பாம இருப்பானா? பெஞ்ச மட்டும் தொடாதீங்க."

அவருக்கு அது பிடித்திருந்தது. மீசையைத் தடவிக்கொண்டு போய்ப் பின்னால் நின்றார். "டேய் சந்துரு!" என்றார். மூங்கிலில் இருந்த குருவிகள் கிளம்பிப் பறந்தன. பையன் ஒரு இலையைக் கிழித்துக்கொண்டிருந்தான். "சந்துரூ! தாத்தாடா!" என்றார். பையன் இலையை வாயில் வைத்தான். மூன்றாவது தடவை அவர் கூப்பிட்டபோது குரல் பாதியில் நின்றுபோயிற்று. அந்த மனிதரின் குரல் சின்னதாகி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இப்ப வாயத் தொறக்காம, குடையால பலகைய ஒரு தட்டுத் தட்டுங்க."

தட்டினார். பையன் திரும்பி, தாத்தாவைப் பார்த்து, கைகள் இரண்டையும் தூக்கிச் சிரித்தான்.

 முதல் தூறல் விழுந்தது. பெரியவர் என் பக்கம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "நீதான சொன்ன? பாம்புக் காதுன்னு நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன் ஐயா. பாம்புக்குக் காது ஏது? தரையத் தட்டுனாத்தான அதுக்குத் தெரியும். அன்னிக்கும் நான் மேடையத் தட்டிட்டுத்தான் கூப்புட்டேன். புள்ள என் காலுக்குத் திரும்புச்சு, நான் என் வாய்க்குத் திரும்புச்சுன்னு நெனச்சுட்டேன். உங்க மருமக அன்னிக்கே சரியா சொன்னா. நான்தான் அவ வாய அடைச்சேன்."

"வாய மூடு!" என்றார் பெரியவர். குடையை ஓங்கவில்லை, ஆனால் ஓங்கினது மாதிரிதான் இருந்தது. "ஒம்பொழப்பு பொம்ம ஆட்டறது. அத மட்டும் பாரு."

"அப்பா." ரமேஷ்தான். அதுவரை அப்பா முன்னால் வாய் திறக்காதவன். எழுந்து பையனைத் தூக்கிக்கொண்டான். "அப்பா, போதும். நாளைக்கே காட்டிடலாம். நான் கெளம்பறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்." செல்வியைப் பார்த்து, "ஒனக்குத் தெரியுமா?" என்றான்.

"ரெண்டு தரம் சொன்னேன். அப்புறம் அக்கா சொன்னதுக்கப்புறம் நானே என்ன நம்பல" என்றாள் அவள்.

மழை கொட்டத் தொடங்கியது. எல்லோரும் ஓடினோம். பெரியவர் மட்டும் குடையை விரிக்காமல் நனைந்துகொண்டே நடந்தார்.

ஒரு வாரம் கழித்துப் படம் வாங்க செல்வி தனியாக வந்தாள். டாக்டர் பார்த்திருக்கிறார். இரண்டு காதும் ரொம்ப மந்தம், பிறவியிலேயே அப்படி. மெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும், பேச்சு சொல்லித்தரத் தனிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். போக ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ரமேஷ் கிளம்புகிறானாம். எங்கள் முதலாளி படங்களை எடுத்து மேஜையில் பரப்பினார். பெஞ்சில் பையன் சிரித்துக்கொண்டு நேராகப் பார்க்கிற படம்தான் எல்லாவற்றிலும் அழகு. அவள் அதைத் தள்ளிவைத்துவிட்டாள். புல்லில் அவன் தட்டானைப் பார்த்துக்கொண்டிருக்கிற படத்தை எடுத்தாள்.

"அவரு இதக் கொண்டுபோகட்டும் சார். இதுலதான் அவன் அவனா இருக்கான்."

வாசல் வரை கூடப் போனேன்.  அவளே நின்று சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

"டாக்டர் கேட்டாருக்கா, ஏன் ஒரு வருஷம் முன்னாடியே வரலன்னு."

நான் சொன்ன ஒரு வார்த்தையால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போயிற்று.

அதற்குப் பிறகு நான் வேலை செய்கிற விதம் மாறியது. முதலில் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, எதையும் தட்டாமல், தொடாமல், குழந்தையின் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து கூப்பிடுவேன். திரும்பவில்லை என்றால் இன்னொரு மொழி. அதற்கும் திரும்பவில்லை என்றால் அம்மாவிடம், அம்மா மட்டும் இல்லை, கூட வந்தவர்கள் எல்லோரிடமும், "நான் டாக்டர் இல்ல, எனக்குத் தெரியாது, ஒருதரம் காட்டிருங்க" என்பேன். பல தடவை ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறது. என்னைத் திட்டிவிட்டுப் போனவர்கள் உண்டு. திட்டட்டும். முதலாளி இதைப் பற்றி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஒரு குழந்தையை மேடையில் உட்கார வைத்திருந்தபோது, பழக்கதோஷத்தில் என் கால் விளிம்புக்கு ஏறியது. அவர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கி, "ஏம்மா, கால எடு. அப்புறம் கூப்புடு" என்றார். அவர் என்னிடம் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. அந்த வார்த்தையையே அவர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

சந்துருவை மறுபடி பார்த்தது பல வருடம் கழித்து. பள்ளிக்கூட அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தான். பன்னிரண்டு வயது, காதுக்குப் பின்னால் மெஷின், தாத்தா மாதிரியே உயரம். பெரியவர்தான் கூட்டி வந்திருந்தார், கிழண்டு போயிருந்தார். என்னைப் பார்த்தார். பேரனின் தோளைத் தொட்டு, அவன் தன் வாயைப் பார்க்கும்படி நின்றுகொண்டு, மெதுவாக, "இவங்கதான்டா" என்றார். நான் பையனிடம் பேர் கேட்டேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சொன்னான்.

"தந்துரு."

கணக்கெல்லாம் நன்றாகப் போடுகிறானாம். வகுப்பில் முதலிடமாம். வாய் நிறையப் பேசுகிறான். அந்த ஓர் எழுத்துதான் வரவில்லை. சின்னதிலேயே கேட்டுப் பழகியிருந்தால் வந்திருக்குமா என்று பேச்சு சொல்லித்தரும் டீச்சரிடம் அவன் அம்மா கேட்டாளாம். உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம் டீச்சர். நல்ல டீச்சர். தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர்.

பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இதை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பவள் என் பேத்தி. நல்ல பிள்ளை, என் மேல் பாசம் அதிகம். அதனால்தான் எனக்குச் சந்தேகம். "கண்ணு, டாக்டர் கேட்டாருன்னு செல்வி சொன்னா பாரு, அதுக்கு அடுத்தாப்புல என்னா எழுதியிருக்க, படி" என்றேன்.

படித்தாள். "என்னையறியாமல் நான் சொன்ன ஒரு வார்த்தையால்…"

"என்னையறியாமன்னு நான் சொன்னேனா?"

"நீ சொல்லல பாட்டி. ஆனா அப்ப உனக்கு நெஜமாவே தெரியாதுல்ல?"

"தெரியாதுதான். அவ கேட்டப்ப, தெரியாதுன்னு அந்த ஒரு வார்த்தையச் சொல்லியிருந்தா போதுமே. அத அடிச்சுடு. அடிச்சுட்டு மொதல்லேருந்து படி, கேக்கறேன்."